சோறை விட்டும் எடை குறையலையே? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் இருந்துச்சு, எதை விடணும், எதை தொடவே கூடாதுன்னு. எதை கூட சேத்துக்கணும்னு கேட்டவங்க ரெண்டே பேரு. இத்தனை வருஷமா டயட்டீஷியனா இருந்து நான் பாத்த வரைக்கும் சேத்துக்கிட்டவங்கதான் நின்னு குறைக்கறாங்க, விட்டவங்க மூணு மாசத்துல மறுபடி பழையபடி ஆயிடறாங்க. மாத்திரை எடுக்கறவங்க யாரும் இதை படிச்சிட்டு நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சரி, கேள்விக்கு வரேன்.

மேடம், வயசு 31, கோவைல ஐடி வேலை, 172 செ.மீ உயரம், 86 கிலோ. மூணு மாசமா சோறே தொடல. காலைல கம்பு தோசை, மதியம் சப்பாத்தி, நைட்டு தினை உப்புமா. வெறும் ஒன்றரை கிலோதான் குறைஞ்சுது. எங்க தப்பு பண்றேன்?

மூணு மாசம் விடாம இருந்திருக்கீங்க தம்பி, அதை முதல்ல சொல்லிடறேன், அது எல்லாராலயும் முடியாது. ஆனா கணக்கு எங்க இடிக்குதுன்னு பாருங்க. அரிசி 100 கிராம்ல சுமார் 350 கலோரி. கோதுமை மாவு 340 சொச்சம். கம்பு, தினை, சாமை, வரகு எல்லாமே 330லேர்ந்து 360க்குள்ள வந்துடும். அதாவது நீங்க தானியத்தை மாத்தியிருக்கீங்க, அளவை மாத்தல. சிறுதானியத்துல நார்ச்சத்து ஜாஸ்தி, பசி தாங்கும், சத்தும் கூட, அதெல்லாம் உண்மை, தாராளமா சாப்பிடுங்க. ஆனா கம்புதானேன்னு நாலு தோசை உள்ள போச்சுன்னா ஒடம்பு அதை நாலு தோசையாத்தான் எடுத்துக்கும்.

அடுத்தது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல கிட்டத்தட்ட 120 கலோரி. செக்குல ஆட்டின கடலெண்ணெயா இருந்தாலும் சரி, ஆலிவ் ஆயிலா இருந்தாலும் சரி, கலோரில வித்தியாசமே கிடையாது. தோசைக்கு சுத்தி விடறது, சப்பாத்திக்கு தடவறது, உப்புமாவுக்கு தாளிக்கறதுன்னு உங்க மூணு வேளையுமே எண்ணெய் பிடிக்கற ஐட்டமா இருக்கு பாருங்க. இட்லியும் சோறும் எண்ணெயே இல்லாம வேகறது, அதை போய் விட்டுட்டு இதுக்கு வந்திருக்கீங்க! நாலு பேர் இருக்கற வீட்டுக்கு மாசத்துக்கு 3 லிட்டர் எண்ணெய் போதும், உங்க வீட்ல எவ்ளோ வாங்கறாங்கன்னு அம்மாகிட்ட கேட்டு பாருங்க.

இன்னொரு கணக்கும் சொல்றேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறையணும். நீங்க 90 நாள்ல ஒன்றரை கிலோ குறைச்சிருக்கீங்கன்னா ஒரு நாளைக்கு 130 கலோரி மாதிரிதான் குறைஞ்சிருக்கு. நாளைக்கு 400, 500 குறைஞ்சாத்தான் மாசத்துக்கு ஒன்றரை, ரெண்டு கிலோன்னு இறங்கும். ஆபீஸ்ல நாலு டீ குடிக்கறதா மெயில்ல எழுதியிருந்தீங்க, டீக்கு ரெண்டு ஸ்பூன்னா நாலு டீல 40 கிராம் சர்க்கரை, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிறுத்திக்கறது நல்லது. ஒரேயடியா விட வேண்டாம், வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைங்க, நாக்கு பழகிடும்.

சோறு சாப்பிடுங்க, மதியம் ஒரு கப். தட்டை மட்டும் தலைகீழா மாத்துங்க. நம்ம ஊர்ல சோறு நடுவுல மலை மாதிரி இருக்கும், பொரியல் ஓரத்துல ஒரு கரண்டி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட தட்டு படத்துல பாதி இடம் காய், கீரை, பழத்துக்குத்தான். பாதி தட்டு காய், கால் தட்டு சோறு, மீதி கால்ல கெட்டி பருப்போ முட்டையோ மீனோ. முதல்ல காயும் பருப்பும் சாப்பிட்டு அப்புறம் சோத்துக்கு வாங்க, ரெண்டாவது தடவை போட்டுக்கணும்னே தோணாது.

மேடம், எனக்கு 52, மதுரை. சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டு மாசமா தினம் 40 நிமிஷம் நடக்கறேன், மெஷின்ல 300 கிராம்கூட இறங்கல. வீட்ல "எதுக்கு இந்த வீண் வேலை"ங்கறாங்க. நிறுத்திடலாமா?

நிறுத்தவே நிறுத்தாதீங்க சார். இந்த பதிலை வீட்லயும் படிச்சு காட்டுங்க.

உங்கள மாதிரி பார்டர்ல இருந்த 531 பேரை வெச்சு சென்னைல டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2006ல வெளியிட்டாங்க. மூணு வருஷத்துல, பெருசா எதையும் மாத்திக்காதவங்கள்ல 100க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துடுச்சு. சாப்பாட்டை திருத்திக்கிட்டு தினமும் நடந்தவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்துச்சு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, அப்படி நடந்தவங்களுக்கு சராசரியா எடை பெருசா குறையவே இல்ல! எடை குறையாமலே நோய் தள்ளிப்போயிருக்கு. ஏன்னா நடக்கும்போது தொடை, கெண்டைக்கால் தசையெல்லாம் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கும், இன்சுலினும் நல்லா வேலை செய்யும், அதெல்லாம் எடை மெஷின்ல தெரியாது.

அதனால மெஷினை கொஞ்ச நாள் ஓரமா வெச்சிட்டு ஒரு தையக்கார டேப் வாங்குங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு, இறுக்காம அளக்கணும், பேன்ட் போடற இடத்துல இல்ல. நம்ம ஆளுங்களுக்கு ஆண்கள்னா 90 செ.மீ, பெண்கள்னா 80 செ.மீ, அதுக்கு மேல போனா கவனிக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை அளந்து காலண்டர்ல எழுதி வைங்க. அதுல ரெண்டு செ.மீ இறங்கிச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்னா எனக்கு அது ரெண்டு கிலோ குறைஞ்சதைவிட சந்தோஷம்.

நடையில ரெண்டு திருத்தம் மட்டும். வேகம் எப்படி இருக்கணும்னா, நடந்துக்கிட்டே பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது. கூட வர்றவரோட அரட்டை அடிச்சிக்கிட்டே சாவகாசமா போனா பத்தாது. ரெண்டாவது, 40 நிமிஷத்தையும் காலைலயே முடிக்கணும்னு இல்ல, அதுல 15 நிமிஷத்தை எடுத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்குங்க, சாப்பிட்டதும் ஏர்ற சர்க்கரை அடங்கும். வாக்கிங் முடிச்சதும் கடைல ஒரு வடை, ஒரு இனிப்பு டீன்னு பழக்கம் இருந்தா அதை மட்டும் பாத்துக்குங்க, 3 கிலோமீட்டர் நடந்ததுக்கு செலவாகற 150, 180 கலோரி அங்கயே திரும்ப வந்துடும்.

10,000 அடி நடக்கலன்னு வருத்தப்பட்டும் எழுதியிருந்தீங்க. அந்த எண்ணே 1965 வாக்குல ஜப்பான்ல அடி எண்ணற கருவி விக்கறதுக்காக வெச்ச பேர்லேர்ந்து வந்தது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடைங்கறதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, நீங்க 280 நிமிஷம் நடக்கறீங்க.

அக்கா, நான் திருநெல்வேலி, 45 வயசு. காலைல 5 மணிக்கு எந்திரிச்சா ராத்திரி 10 மணி வரைக்கும் வீட்டு வேலைதான். இதுவே எக்ஸர்சைஸ் இல்லையா? அப்புறம் ஏன் எடை கூடுது?

உங்க அலுப்பு நிஜம்மா, அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அலுப்பு வேற, பயிற்சி வேற. நம்ம பாட்டி காலத்துல கெணத்துல தண்ணி இறைச்சு, உரல்ல இடிச்சு, அம்மில அரைச்சு, குனிஞ்சு நிமிந்து செஞ்ச வேலை. இப்ப மிக்ஸி, கிரைண்டர், குழாய்ல தண்ணி. வேலை நேரம் குறையல, ஆனா அடுப்பு முன்னாடி நிக்கற வேலையாத்தான் இருக்கு. கால் வலிக்கும், நெஞ்சு படபடன்னு வேகமா அடிக்காது, தசைக்கும் பளு கிடைக்காது. 40 தாண்டினா தசை கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்கும், சாப்பாடு அதே அளவு இருந்தா மிச்சம் இடுப்புல போய் உக்காந்துக்கும்.

ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு ஸ்ட்ராங்கான நாற்காலி, கையை ஊணாம 10 தடவை உக்காந்து எந்திரிங்க. செவுத்துல கைய வெச்சு 10 தடவை தள்ளுங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டை கைக்கு ஒண்ணா புடிச்சு தோள் வரைக்கும் தூக்கி இறக்குங்க. இது மூணையும் ரெண்டு சுத்து, வாரத்துக்கு மூணு நாள், 15 நிமிஷம் ஆகும். நல்லா பழகினதும் எண்ணிக்கையை பைய கூட்டிக்கலாம்.

சாப்பாட்டுல நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். காலைல எல்லாரையும் அனுப்பிட்டு ரெண்டு காபியோட ஓட்டிட்டு, மதியம் மூணு மணிக்கு பசி தாங்காம ரெண்டு பங்கு சோறு, கூட பிள்ளைங்க வெச்ச மிச்சம் வீணாகுதேன்னு அதையும்... இப்படித்தானே போகுது? எங்கிட்ட வர்ற பத்து அம்மாக்கள்ல எட்டு பேர் கதை இதுதான். எட்டரை மணிக்குள்ள நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. சாயங்காலம் அரைமணி நேரம் உங்களுக்குன்னு வேணும்னு வீட்ல சொல்லுங்க, அந்த நேரம் பாத்திரத்தை வேற யாராவது கழுவட்டும். இதை நான் கோவத்தோடதான் எழுதறேன், ஏன்னா வீட்டுக்கே சமைக்கறவங்களுக்கு சாப்பிட நேரமில்லங்கறது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

காலைல வெறும் வயித்துல வெந்நீர், எலுமிச்சை, தேன் குடிச்சா கொழுப்பு கரையுமா?

கரையாது. ஒரு பெரிய ஸ்பூன் தேன்ல 60 கலோரி இருக்கு, சர்க்கரைதான் அது. வெந்நீர் மட்டும் குடிங்க.

அப்ப கொள்ளு? "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு சொல்றாங்களே?

கொள்ளு தனியா போய் கொழுப்பை கரைக்காது, ஆனா அருமையான சாப்பாடு. 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல புரதம், நார்ச்சத்தும் நிறைய, வயிறு நெறஞ்சு நிக்கும். துவையல், ரசம், சுண்டல் எப்படி வேணா செய்யலாம். ஏற்கனவே சாப்பிடறது கூட சேக்காம, சோத்தோட ஒரு பங்குக்கு பதிலா சாப்பிடணும், அப்பத்தான் பலன்.

நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. புரதத்துக்கு பவுடர் வாங்கித்தான் ஆகணுமா?

வேண்டாம். 60 கிலோ இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை. தினம் சாம்பார் சாப்பிடறோமேன்னு நெனைக்கறோம், ஆனா ஒரு கரண்டி சாம்பார்ல பருப்பு ரொம்ப கொஞ்சம், ரெண்டு மூணு கிராம் புரதம் வந்தா ஜாஸ்தி. ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல்ல 12 கிராம் வரும், ஒரு கப் தயிர்ல 6, சோயா உருண்டை 30 கிராம் ஊறவெச்சு குழம்புல போட்டா 15, பன்னீர் 50 கிராம்ல 9. காலைல இட்லிக்கு பதிலா வாரத்துல ரெண்டு நாள் அடை, இல்லன்னா மூணு இட்லியோட ஒரு கிண்ணம் பாசிப்பயறு. நவராத்திரிக்கு மட்டும் சுண்டல்னு வெச்சிருக்கோமே, அதை தினப்படி சாயங்கால டிபனா மாத்தினாலே போதும், பாதி கவலை தீர்ந்துடும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் புரதத்தை கூட்டறதுக்கு முன்னாடி டாக்டரை கேளுங்க.

சுகர் மாத்திரை போடறேன். 16 மணி நேரம் சாப்பிடாம இருக்கற விரதம் இருக்கலாமா?

உங்க டாக்டர் மாத்திரையை மாத்தி குடுக்காம கூடவே கூடாது. சில மாத்திரை, இன்சுலின் எல்லாம் சாப்பாடு இல்லன்னா சர்க்கரையை தடால்னு கீழ இறக்கிடும். கை நடுக்கம், வேர்வை, கண்ணு இருட்டறது வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையை தண்ணில கரைச்சு குடிங்க.

நைட்ல லோடு வண்டி ஓட்டறேன் மேடம், சேலம் டு சென்னை. பரோட்டாவை விட்டா ரோட்ல வேற எதுவும் கிடைக்கறதில்ல. 38 வயசு, 98 கிலோ.

அண்ணா, உங்களுக்கு முதல் கேள்வி நான் கேக்கறேன். தூக்கத்துல பெருசா குறட்டை வருதா, பகல்ல உக்காந்த இடத்துலயே கண்ணு சொருகுதா? ஆமான்னா தூக்கத்துல மூச்சு அடைபடற பிரச்சனையா இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ சீக்கிரம் பாருங்க. ஸ்டியரிங் புடிக்கறவருக்கு இது எடையைவிட அவசரம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பரோட்டா ஒண்ணுக்கு சுமார் 300 கலோரி, மூணுன்னா சால்னா இல்லாமலே 900. பரோட்டா போடற கடைல எல்லாம் முட்டையும் இருக்கும், கல்லும் இருக்கும். ரெண்டு ஆம்லெட், ஒரு சாதா தோசை கேளுங்க, நைட்டு ஒரு மணிக்கும் போட்டு குடுப்பாங்க. வீட்லேர்ந்து ஒரு டப்பால வறுத்த கடலை, ரெண்டு வாழைப்பழம் வண்டில வெச்சுக்குங்க, தூக்கத்தை விரட்ட கூல் டிரிங்ஸ் குடிக்கறத விடுங்க, 300 மில்லி கோலால 30 கிராமுக்கு மேல சர்க்கரை. டீக்கு நிறுத்தற ஒவ்வொரு தடவையும் வண்டியை சுத்தி பத்து நிமிஷம் நடங்க. பகல்ல வீட்ல ஜன்னலை மூடி இருட்டாக்கிட்டு ஏழு மணி நேரம் தூங்குங்க, தூக்கம் குறைஞ்சா பசி எக்கச்சக்கமா எடுக்கும்.

அக்கா, அம்மாவுக்கு 63 வயசு, 84 கிலோ, முட்டி வலி. நடக்க சொன்னா அழறாங்க.

நடக்க சொல்லாதீங்க இப்போதைக்கு. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டில விழற சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறையும், அதனால நாலஞ்சு கிலோ குறைஞ்சாலே அவங்களுக்கு பெரிய நிம்மதி கிடைக்கும். நாற்காலில உக்காந்து ஒரு காலை நேரா நீட்டி அஞ்சு எண்ணிட்டு இறக்கணும், காலுக்கு பத்து, காலை மாலை. தொடை தசை பலமானா முட்டிக்கு தாங்கல் கிடைக்கும். தரைல சம்மணம் போடறது, இந்திய டாய்லெட் ரெண்டும் கொஞ்ச நாள் வேண்டாம். ஒரு மாசம் ஆனதும் வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், கைய புடிச்சு நீங்களும் கூட நடங்க.

ஆறு மாசம் முன்னாடி சிசேரியன்ல பாப்பா பொறந்துச்சு. வயித்தை துணியால கட்டினா குறையுமா?

துணி கட்டினா முதுகுக்கு தாங்கலா இருக்கும், கொழுப்பு அதனால கரையாது. பால் குடுக்கறவங்களுக்கு வழக்கத்தைவிட 500 கலோரி மாதிரி கூடத்தான் வேணும், அதனால பட்டினி கிடக்காதீங்க, மாசத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சா தாராளம். படுத்துக்கிட்டு தலையை தூக்கறப்போ வயித்து நடுவுல கோபுரம் மாதிரி புடைச்சா தசை விலகியிருக்குன்னு அர்த்தம், அப்ப எந்த வயித்து பயிற்சியும் செய்யாம பிசியோதெரபிஸ்ட்டை பாருங்க. புடைக்கலன்னா, டாக்டர் ஓகே சொன்னதும், பாப்பாவை தோள்ல போட்டுக்கிட்டு சாயங்காலம் மொட்டை மாடில பத்து நிமிஷம் நடக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.