எரிச்சல் இல்லை, ஆனாலும் கிருமி: கர்ப்பகாலச் சிறுநீர்ப் பரிசோதனை குறித்த கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரை எழுதுவது டாக்டரின் வேலை. சோதனை எதற்கு, மாதிரியை எப்படிப் பிடிப்பது, ரிப்போர்ட்டில் இருப்பது என்ன என்பதை நான் சொல்கிறேன். வந்த வரிசையை மாற்றி, அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வள்ளியூர்: மருமகளுக்கு ஏழாவது மாதம். சாயங்காலத்திலிருந்து குளிர்காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. வலது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலிக்கிறது என்கிறாள். சூட்டுவலி என்று விளக்கெண்ணெய் தடவியிருக்கிறோம். விடிந்ததும் கூட்டிப்போகலாமா?

விடியும்வரை காத்திருக்காதீர்கள், மதினி. இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி மூன்றும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். இதற்கு நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், வீட்டில் முடியாது. தாமதித்தால் குறைமாதப் பிரசவ வலி வரலாம், கிருமி இரத்தத்திலும் கலக்கலாம். வலப்பக்கம் வலிப்பதற்கும் காரணம் உண்டு. வளரும் கருப்பை பெரும்பாலும் வலதுபுறம் சாய்ந்து அங்குள்ள சிறுநீர்க்குழாயை அழுத்துகிறது. கர்ப்பகால ஹார்மோனும் அந்தக் குழாயைத் தளர்த்திவிடுகிறது. தேங்கும் நீரில் கிருமி சுலபமாக மேலே போகும்.

களக்காடு, மூன்றாம் மாதம்: அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போகும்போதெல்லாம் சிறுநீர் பார்க்கிறார்கள். ‘எல்லாம் நார்மல்’ என்றார்கள். இப்போது கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். எதற்கு இரண்டாம் செலவு?

எனக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான். ஒவ்வொரு முறையும் பார்ப்பது பெரும்பாலும் அல்புமின் என்ற புரதமும் சர்க்கரையும். அல்புமின், இரத்த அழுத்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். சர்க்கரை, நீரிழிவுக்கு ஒரு குறிப்பு. இரண்டும் அவசியம்தான். ஆனால் அந்த ‘நார்மல்’ கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிருமியைத் தேடும் பட்டையும் உண்டு, கிருமி உண்டாக்கும் நைட்ரைட் என்ற பொருள் சிறுநீரில் இருந்தால் அதன் நிறம் மாறும். ஆனால் சிறுநீர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்கியிருந்தால்தான் அது சரியாகத் தெரியும். எல்லாக் கிருமியும் நைட்ரைட் உண்டாக்குவதுமில்லை.

கல்ச்சரில் ஒரு துளியைத் தட்டில் கோடு இழுத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் கிருமி இருந்தால் கோட்டின் மேல் புள்ளிபுள்ளியாக முளைத்திருக்கும். புள்ளிகளை எண்ணி, ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் தொற்று என்று எழுதுவோம். எந்த மருந்துக்கு அது சாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எரிச்சலோ கடுப்போ இல்லாமலேயே இப்படிக் கிருமி இருக்கும். பெரும்பாலும் ஈ.கோலி, நம் குடலில் குடியிருப்பதுதான். முதல் வருகையிலோ 12 முதல் 16 வாரத்துக்குள்ளோ ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த வசதி இருக்காது. மாதிரியை எங்கே அனுப்புவார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

திசையன்விளை: வீட்டில் பிடித்து, காலைப் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவரலாமா?

வேண்டாம் தங்கச்சி, லேபுக்கு வந்தே பிடித்துக்கொடு. சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் வரும் பாட்டிலுக்குள், இருந்த கிருமி சில மணி நேரத்தில் பல மடங்கு பெருகிவிடும். உனக்கு இல்லாத நோயை ரிப்போர்ட் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் தர முடியாதென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் பையோடு எடுத்து வா. ஃப்ரீசரில் வைக்காதே.

ஊறுகாய் பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் உதவாது. லேபில் தரும் மூடிபோட்ட டப்பாதான் வேண்டும். கையைக் கழுவு. கீழே வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவு, டெட்டால் ஊற்றாதே. முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடி. விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக்கூடாது. அவசரமில்லாமல் செய், வெளியே வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ரிப்போர்ட்டில் ‘பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன’ என்று வந்தால், பெரும்பாலும் மாதிரி பிடித்ததில்தான் கோளாறு. மறுபடி கொடுக்க வேண்டும்.

முக்கூடல், ஐந்தாம் மாதம்: பீடி சுற்றுகிறேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் கல்ச்சரில் கிருமி என்று வந்திருக்கிறது. ‘நோவு இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு’ என்கிறார் மாமியார்.

மாமியார் கேட்பது நியாயமே. கர்ப்பம் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு இப்படி அறிகுறியில்லாத கிருமி இருந்தால் டாக்டர்களும் விட்டுவிடுவார்கள். கர்ப்பத்தில்தான் கணக்கு மாறுகிறது; முதல் பதிலில் சொன்னதுபோல், கிருமி சுலபமாகச் சிறுநீரகத்துக்கு ஏறிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தந்த வழிகாட்டுதல், ஏழு நாள் மருந்து என்கிறது. நான்காம் நாளில் நிறுத்தாதே. முடித்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் கொடு.

பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால், கட்டு எண்ணிக்கை முடியட்டும் என்று ஒன்றுக்குப் போகாமல் அடக்குவதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் உங்கள் பக்கம் சகஜம். அடக்காதே, குடி. வயிற்றுப்பிள்ளையோடு அந்தப் புகையிலைத் தூளில் உட்காருவதே எனக்குப் பிடிக்கவில்லை; டாக்டரிடம் தொழிலைச் சொல்.

பாளையங்கோட்டை, கல்லூரி ஆசிரியர்: இந்தப் பரிசோதனையில் பெரிய பயன் இல்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றனவே?

ஓரளவு உண்மை, சார். மருந்து தராமல் விட்டால் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குச் சிறுநீரகத் தொற்று வரும் என்பது பழைய கணக்கு. நெதர்லாந்தில் 2015-ல் வெளியான ஆய்வில் அது 2.4 பேர்தான். 2019-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவும், கர்ப்பிணிகளுக்கு இந்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லும் தன் பரிந்துரையின் தரத்தை ஒரு படி இறக்கியது. ஆனால் பரிந்துரையைக் கைவிடவில்லை. நெதர்லாந்தில் பார்த்தது, சர்க்கரை நோய் போன்ற சிக்கல் இல்லாத பெண்களை. கர்ப்பகாலச் சர்க்கரை இவ்வளவு காணும் நம் ஊரில் ஒருமுறை கல்ச்சர் எடுப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். மாதாமாதம் எடுப்பது வேறு. முன்பு தொற்று வந்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

அம்பாசமுத்திரம், பாட்டி: வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் போதாதா?

தாராளமாகக் கொடுங்கள் ஆச்சி, தண்ணீர் உள்ளே போகட்டும். தட்டில் முளைத்த கிருமி அதற்குச் சாகாது. பேத்திக்குச் சர்க்கரை இருந்தால் பதநீரை மட்டும் நிறுத்திவையுங்கள்.

ஏர்வாடி: போன வருடம் சிறுநீர்த் தொற்றுக்கு எனக்கு எழுதிய மாத்திரை மிச்சம் இருக்கிறது. மனைவிக்குத் தரலாமா?

கூடாது, தம்பி. இதற்கு எழுதும் மாத்திரைகளில், சிப்ரோஃப்ளாக்சசினைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டிரைமெத்தோப்ரிம் முதல் மூன்று மாதத்தில் ஃபோலிக் அமிலத்துக்குக் குறுக்கே நிற்கும். நைட்ரோஃபியூரன்டாயின் நடு மாதங்களில் நல்ல மருந்து, பிரசவம் நெருங்கும்போது ஆகாது. இன்னொன்று, மருந்து தொடங்கிய பிறகு கல்ச்சர் எடுத்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். மாதிரியைக் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம்: வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். பிரசவம் அங்கேதான். பழைய ரிப்போர்ட் வேண்டுமா? கணவருக்கும் மாத்திரை தர வேண்டுமா?

ரிப்போர்ட்டை அட்டையோடு சேர்த்துக் கொண்டு போ. ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற கிருமியின் பெயர் அதில் எழுதியிருந்தால், மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தாலும் பிரசவம் பார்ப்பவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க வலி எடுக்கும் நேரத்தில் ஊசி போடுவார்கள். கணவருக்கு மாத்திரை தேவையில்லை.