பள்ளிக்கு வரும் அரசு நிதியைப் பெற்றோர் கண்காணித்தால் முறைகேடு குறையுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் ஏதோ கணக்கு உதைக்கிறது என்று தோன்றுகிறது. குறையும் என்பதே என் பதில். ஆனால் எவ்வளவு பணம் வந்தது என்பது பெற்றோருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவிடம், மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பை 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21 ஆவது பிரிவில் ஒப்படைத்திருக்கிறது. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் குழுவில் நானும் இருந்தேன். நூறுக்கு மேல் 250 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் மானியம் உண்டு என்பதும், அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குரியது என்பதும் உறுப்பினர்கள் யாருக்கும் சொல்லப்படவில்லை. தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்தை வேலை நாளின் பிற்பகலில் வைத்துவிட்டு, கூலி வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்று குறை கூறுவதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

செலவுச் சீட்டுகளைக் கேட்டபோது, அவற்றைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து நகல்களைப் பெற்றேன். கழிப்பறைக் குழாய்களை மாற்றியதாக ஒரு கடைப் பட்டியல் (பில்) இருந்தது. பிள்ளைகளோ அப்போதும் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டி, எல்லோரும் எழுந்து போய்க் குழாய்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். சில நாட்களில் புதிய குழாய்கள் வந்தன. யார் மீதும் நடவடிக்கை வரவில்லை.

தலைமை ஆசிரியர்களைத் திருடர் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்ன கடையில்தான் பட்டியல் வாங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்ததாக எங்கள் தலைமை ஆசிரியரே பிறகு வருந்திச் சொன்னார். பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள் என்பது, அந்த உத்தரவை மறுக்க அவருக்கும் ஒரு பிடிமானமாக அமைந்தது.

உகாண்டாவில் 1990களின் முற்பகுதியில் பள்ளி மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை அடைந்தது என்று ஓர் ஆய்வு வெளிப்படுத்தியதும், விடுவிக்கப்படும் தொகையை அரசு நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. 2001 இல் அந்த அளவு 80 விழுக்காட்டை எட்டியது. நாளிதழ் மட்டுமே காரணம் அன்று என்று வாதிடும் பொருளியலாளர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

மானியத் தொகையையும் அது வந்த நாளையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும் என்று உங்கள் குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மறுத்தால், அந்த மறுப்பையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.