திருப்பதி ஃபிளாட்டும் திருவொற்றியூர் மாடியும்: வாசகர் கேள்வி பதில்

(வால்டாக்ஸ் சாலையில் லாட்ஜ் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வீடு, வாடகை தொடர்பான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். திருப்பதியில் அலிபிரி பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றை புரோக்கர் காட்டினார். நாள் வாடகைக்கு விட்டால் தினம் 2,000, மாதம் 60,000 என்கிறார். "திருப்பதியில் கூட்டம் இல்லாத நாள் ஏது?" என்றும் கேட்கிறார். கைப்பணத்தோடு 30 லட்சம் கடன் போட்டு வாங்கலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அண்ணே, கூட்டம் இல்லாத நாள் திருப்பதியில் இல்லைதான். ஆனால் அந்தக் கூட்டம் உங்கள் ஃபிளாட்டில் படுக்குமா என்பதுதான் கேள்வி. அதை புரோக்கர் கேட்கவே விடமாட்டார்.

முதலில் நம்ம ஊர்க்காரர்களையே பாருங்கள். சென்ட்ரலில் காலையில் சப்தகிரி ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் திருப்பதி. பஸ்ஸில் போனால் விடியற்காலை கிளம்பி, தரிசனம் முடித்து, ராத்திரியே லட்டுப் பையோடு வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். தண்டையார்பேட்டையிலிருந்து போகிறவருக்கு ரூமே வேண்டாம். புரட்டாசியில் சவுக்கார்பேட்டை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து யானைக்கவுனி தாண்டிக் கிளம்புகிற திருக்குடைகளோடு நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மண்டபத்திலும் கோயில் திண்ணையிலும் படுத்து எழுந்து போகிறவர்கள். உங்கள் ஏசி பெட்ரூமை ரூம் புக்கிங் ஆப்பில் தேடுகிற ஆட்கள் இல்லை.

அப்படியானால் யார் தங்குகிறார்கள்? தூரத்திலிருந்து காரிலோ டெம்போ டிராவலரிலோ வருகிற குடும்பம். மலைப்பாதை நள்ளிரவுக்கு மேல் சில மணி நேரம் மூடியிருக்கும் என்பதால் ராத்திரி லேட்டாக வந்து சேர்ந்தவர்கள். மறுநாள் காளஹஸ்தியும் காணிப்பாக்கமும் பார்க்கிற திட்டம் உள்ளவர்கள். இவர்களுக்கு ஃபிளாட் பிடிக்கும். எட்டுப் பேர் ஒன்றாகப் படுக்கலாம், குழந்தைக்குப் பால் காய்ச்சலாம், பாட்டிக்குக் கஞ்சி வைக்கலாம். லாட்ஜில் அது முடியாது. ஆக, வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வியாபாரத்துக்கு விலை வைப்பது நீங்கள் இல்லை என்கிறேன்.

மலை மேல் இருப்பவை தேவஸ்தான அறைகளும் மடங்களும்தான். அங்கே 50, 100 ரூபாய்க்கே சாதாரண அறை உண்டு. கீழே ஊருக்குள் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், மாதவம் மூன்றும் தேவஸ்தானத்துடையவை. 2023 மார்ச்சிலிருந்து முகத்தை ஸ்கேன் செய்து அறை கொடுக்கிறார்கள், இடைத்தரகர்களை ஒழிக்க. இவ்வளவு மலிவான ஒரு போட்டியாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அங்கே இடம் கிடைக்காமல் வழிகிற கூட்டம்தான் உங்களுக்கு வரும். வழிகிற நாளில் நல்ல காசு. வழியாத நாளில் அலிபிரியில் ஃபிளாட் வைத்திருக்கிற எல்லோரும் ஒரே ஆப்பில் ஒருவரை ஒருவர் பார்த்து விலையை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

எப்போது வழியும்? கோடை விடுமுறை, புரட்டாசி சனிக்கிழமைகள், பிரம்மோற்சவத்தில் கருட சேவை, வைகுண்ட ஏகாதசி, ஜனவரி 1, சனி ஞாயிறோடு சேர்ந்து வருகிற லீவு நாட்கள். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசலைப் பத்து நாள் திறந்து வைக்கிற வழக்கம் வந்த பிறகு அந்த ஒரு நாள் நெரிசல் பத்து நாளாக விரிந்திருக்கிறது. உங்களுக்கு அது லாபம். பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வார நாட்களில் வியாபாரம் படுத்துவிடும். கிரகணம் வந்தால் கோயில் நடையே சாத்திவிடுவார்கள், அன்றைக்கு யார் வருவார்?

இன்னொன்று, லாட்ஜில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தது. யாத்திரிகர் முதலில் ரூம் போட்டுவிட்டு தரிசனத்துக்கு டிக்கெட் தேடுவதில்லை. டிக்கெட் கிடைத்த தேதிக்குத்தான் ரூம் தேடுவார். 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டை தேவஸ்தானம் சுமார் மூன்று மாதம் முன்னால் இணையத்தில் விடுகிறது. அது விட்ட கையோடு ரூம் கேட்டு போன் வர ஆரம்பிக்கும். எனவே வாங்குவதாக இருந்தால் தெலுங்குப் பஞ்சாங்கத்தோடு அந்த டிக்கெட் தேதியையும் பார்த்து வாடகையை ஏற்றி இறக்க வேண்டும். வருஷம் முழுக்க 2,000 என்று ஒரே போர்டு மாட்டுகிறவருக்கு, கருட சேவையன்று 2,000தான் கிடைக்கும், பிப்ரவரி செவ்வாய்க்கிழமை ஒன்றுமே கிடைக்காது.

இனி கணக்கு. புரோக்கர் 2,000-ஐ முப்பதால் பெருக்கியிருக்கிறார், அவ்வளவுதான். நான் பாதி நாள் என்று வைக்கிறேன், உதாரணத்துக்கு. 15 ராத்திரி, 30,000. ஆப்காரர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 4,500 போச்சு. இங்கே ஆட்கள் ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை என்பதை மறக்காதீர்கள். கொடைக்கானலில் ஒரு குடும்பம் மூன்று ராத்திரி தங்கினால் ஒரே ஒரு முறை பெட்ஷீட் மாற்றினால் போதும். இங்கே ஒவ்வொரு ராத்திரிக்கும் மாற்ற வேண்டும். துடைக்க, துவைக்க ஒரு தடவைக்கு 350 வைத்தால் 5,250. சாவி கொடுக்க, வாங்க உள்ளூரில் ஓர் ஆள், 6,000. ஏசி, கீசர் கரண்டுக்கு 3,000. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் 2,500. மிச்சம் 8,750 ரூபாய். 30 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் இருபது வருஷக் கடன் என்றால் மாதத் தவணை 26,000 சொச்சம். நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். புரோக்கர் சொன்னபடி முப்பது நாளும் நிரம்பினால்கூட, கமிஷன் 9,000, துப்புரவு 10,500, ஆள், கரண்டு, மெயின்டனன்ஸ் எல்லாம் போனால் தவணை கட்டி மிஞ்சுவது சொற்பம். அது நிரம்பாது.

கணக்கில் வராத சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மொட்டை போட்ட தலையில் பூசிய சந்தனம் தலையணை உறையில், சுவரில், சோபாவில் எல்லாம் ஒட்டும். எந்த சோப்புக்கும் முழுசாகப் போகாது. வெள்ளை உறையே வாங்காதீர்கள், மஞ்சள் கலந்த காவி நிறம் நல்லது. லட்டை மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலத்துக்குள் எறும்பு சாரை பிடிக்கும். விடியற்காலை தரிசனத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கே எட்டுப் பேரும் வரிசையாக வெந்நீர் கேட்பார்கள். அதனால் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யுங்கள் என்கிற ஓட்டல் சட்டம் இங்கே எடுபடாது, 24 மணி நேரக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். காலி செய்த பிறகும் "பெட்டி மட்டும் இருக்கட்டும், மலையிலிருந்து வந்து எடுத்துக்கிறோம்" என்பார்கள். மாட்டேன் என்றால் ரிவ்யூவில் ஒரு ஸ்டார் குறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அபார்ட்மென்ட் சங்கத்தில் போய்க் கேளுங்கள். தினம் ஒரு புதுக் குடும்பம் லிஃப்டில் ஏறி இறங்குவதைப் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? நாள் வாடகை கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தால் புரோக்கர் கணக்கு அங்கேயே முடிந்தது. வீட்டு மின் இணைப்பில் விடுதி நடத்தலாமா என்பதையும் அங்குள்ள மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் யோசனை: கடன் போட்டு வாங்காதீர்கள். பெருமாள் காலடியில் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை இருந்தால் கைக்காசுக்கு அடங்குகிற சின்ன வீடாக, மாத வாடகைக்கும் விடக்கூடியதாக வாங்குங்கள்.

கேள்வி: திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடி காலி. பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்க அவ்வளவு ஜனம் வருகிறது. நாள் வாடகைக்கு விடலாம் என்று மகன் சொல்கிறான்.
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, பௌர்ணமிக் கூட்டம் தங்குகிற கூட்டம் இல்லை. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் உங்கள் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள். உங்கள் தெருவில் அவர்கள் கேட்பது ஒரு பாத்ரூமும் செருப்பு வைக்க இடமும்தான். போதாததற்கு 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கூட சென்ட்ரலில் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து போகிறார்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் வேறு. ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைத் திறந்து புனுகுத் தைலம் சாத்துகிற அந்த மூன்று நாளுக்கு வயதானவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், பக்கத்திலேயே அறை கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் வருஷத்துக்கு மூன்று நாள். மாசிப் பிரம்மோற்சவத்துக்கு வருகிறவர்களுக்கு அக்கா வீடு, மாமா வீடு என்று உங்கள் ஊரிலேயே இருக்கும்.

வடசென்னையில் குறுகிய காலத்துக்கு வீடு தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்புக்கு, வருகிற இன்ஜினியர்கள், சூப்பர்வைசர்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் இருப்பார்கள், வாடகையைக் கம்பெனி கட்டும், பகலில் வீட்டிலேயே இருக்க மாட்டார்கள். அதேபோல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே திண்டாடுகிற குடும்பங்கள். உங்கள் வீட்டிலிருந்து அது கொஞ்சம் தூரம்தான், ஆனால் மெட்ரோ பக்கத்தில் இருப்பது இதற்கு உதவும். இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு வாஷிங் மெஷின் போட்டு வார வாடகை, மாத வாடகைக்கு விடுங்கள். கார்த்திகை மூன்று நாளுக்கு மட்டும் மாடியைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் மகனிடம்.

கேள்வி: நான்கு அறை வைத்து நடத்துகிறேன். ஆதார் நகல் கேட்டால் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். ஜிஎஸ்டி எப்படி?
– ஒரு வாசகர், ஏழுகிணறு

பதில்: தம்பி, அடையாள அட்டை இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள். ஆதார்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவானாலும் வாங்குங்கள். ஆதார் கொடுத்தால் எண்ணை மறைத்த பிரதி போதும். ஒருவர் பெயரில் ரூம் போட்டு ஆறு பேர் நுழைந்தால் ஆறு பேரின் அட்டையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும், இலங்கையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

ஜிஎஸ்டி, நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வருஷ மொத்த வசூல் 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆப் வழியாக வருகிற புக்கிங்குக்கு வரியை ஆப் கம்பெனியே கட்டும். நேரில் வருகிறவருக்குப் பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று எழுதி வாங்கினால் அது குற்றம், பக்கத்து லாட்ஜில் வாங்குகிறார்கள் என்பது பதில் ஆகாது.