தாய்லாந்தும் கம்போடியாவும் ஒரு சிவன் கோயிலுக்காக ஏன் மோதிக்கொள்கின்றன?

எல்லாம் ஒரு வரைபடத்தால் வந்த வினை. அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தும், கம்போடியாவை ஆண்ட பிரான்சும் 1904இல் செய்த ஒப்பந்தப்படி, டாங்ரெக் மலையில் மழைநீர் இருபுறமும் பிரியும் கோடுதான் எல்லை. அப்படியென்றால் பிரியா விஹார் என்ற அந்தச் சிவன் கோயில் தங்களுக்கே என்கிறது தாய்லாந்து. ஆனால் 1907இல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படம் அதைக் கம்போடியாவுக்குள் வைத்தது. சயாம் வாயே திறக்கவில்லை. கூடுதல் பிரதிகள் வேறு கேட்டது!

இந்த மௌனத்தைத்தான் சர்வதேச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. 1962இல் 9-3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்குப் போனது. தாய்லாந்து வீரர்கள் கொடியை இறக்க மனமில்லாமல் கம்பத்தோடு பெயர்த்துத் தூக்கிப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், கோயில் படிக்கட்டு தாய்லாந்தை நோக்கித்தான் இறங்குகிறது; கம்போடியப் பக்கம் செங்குத்தான பாறை.

சரி, சுற்றியுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் யாருக்கு? தீர்ப்பில் அது தெளிவாக இல்லை. 2008இல் கோயில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் தாய்லாந்து அரசியலில் அது தேசபக்திப் பரீட்சையாகிவிட்டது. 2011 வரை துப்பாக்கிச் சண்டை. கோயில் நிற்கும் மேட்டுநிலமும் கம்போடியாவுக்கே என்று 2013இல் நீதிமன்றம் விளக்கியது. அப்புறமும் எல்லையின் மற்ற இடங்களில் தகராறு ஓயவில்லை. 2025 ஜூலையில் ஐந்து நாள் பீரங்கிச் சண்டையே நடந்தது.