வாசகர் கேள்விகள்: தொழுவத்து ஊசியும் பாறுக் கழுகும்

செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை பாறுக் கழுகுகளுக்கான உலக விழிப்புணர்வு நாள். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாடு வளர்ப்பவர்கள் எழுதியவை. இந்தப் பறவையின் உயிர் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதால் அந்தக் கேள்விகளுக்கே இங்கே அதிக இடம்.

பிணந்தின்னிக் கழுகைத்தான் பாறு என்கிறீர்களா? திருக்கழுக்குன்றம் மலைக்கு வந்தவையும் இவைதானா? (செங்கல்பட்டு வாசகர்)

ஆம். பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். கழுகு இரையைக் காலால் பற்றிக் கொல்லும். பாறுக்கு அந்தப் பிடி கிடையாது. பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும். திருக்கழுக்குன்றத்தில் குருக்கள் வைத்த சோற்றைத் தின்ன வந்தவை மஞ்சள்முகப் பாறு. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வரவு நின்றுபோனது. தமிழகத்தில் இப்போது பாறுகளைப் பார்க்க முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவே ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களிலும், கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை இடுக்குகளிலும் கூடு வைக்கின்றன. செம்முகப் பாறும் மஞ்சள்முகப் பாறும் அங்கே உண்டு.

மாட்டுக்குப் போட்ட ஊசி பறவையை எப்படிக் கொல்லும்? நம்ப முடியவில்லை. (ஈரோடு வாசகர்)

1990களில் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது முதலில் தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பறவைகளை அமெரிக்க ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவம் இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால் வெளியேற வழியில்லாமல் உறுப்புகளின் மேல் படிந்துவிடும். அப்படிச் செத்த பறவைகளின் சிறுநீரகத்தில், மாடுகளுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து இருந்தது. ஊசி போட்ட மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுக்குள் அது போய்விடுகிறது. 2004-ல் இதை வெளியிட்டார்கள்.

ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரை உள்ளே போனாலே வெண்முதுகுப் பாறுகளில் பாதி செத்துவிடும். பறவையின் எடை நாலரை கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம். நாம் மூட்டு வலிக்குப் போடும் சாதாரண மாத்திரையில் 50 மில்லிகிராம் இருக்கிறது. ஒரே மாட்டை ஐம்பது பாறுகள் கூடித் தின்னும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவு நடந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

தாளவாடிப் பக்கம் ஆறு மாடு வைத்திருக்கிறேன். காய்ச்சல், மடிவீக்கம் என்றால் வலி ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். எதைப் போடலாம், எது கூடாது?

கட்டாயம் போடுங்கள். மாடு வலியில் துடிக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மருந்து என்பதுதான் விஷயம்.

பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துத் தீங்கில்லை என்று உறுதியானவை இரண்டு: மெலாக்சிகாம், டால்ஃபெனமிக் அமிலம். கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை நான்கு: டைக்ளோஃபினாக் (2006), கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் (இரண்டும் 2023), நிமசுலைடு (2024 டிசம்பர் இறுதி). இதில் அசிக்ளோஃபினாக்கை வேறு மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. ஃபுளுனிக்சினும் பாறுகளைக் கொல்லும், மருத்துவர் அதை எழுதினால் "மெலாக்சிகாம் போடலாமா?" என்று கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"மெலாக்சிகாம் போட்டேன், கேட்கவில்லை" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அளவில்தான் கோளாறு இருக்கும். மாட்டுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 300 கிலோ பசுவுக்கு 150 மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 30 மில்லி ஏற்ற வேண்டும். பழைய டைக்ளோஃபினாக் பழக்கத்தில் 12 மில்லியோடு நிறுத்தினால் பாதிகூடப் போகவில்லை என்று அர்த்தம். அதே மருந்து மில்லிக்கு 20 மில்லிகிராம் செறிவிலும் வருகிறது. அதற்கு ஏழரை மில்லி போதும். எத்தனை மில்லி என்று கேட்காமல் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். அளவை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மடிவீக்கத்துக்கு வலி ஊசி மட்டும் போட்டு விட்டுவிட்டால் வீக்கம் வடிந்ததுபோல் இருந்து திரும்ப வரும். கிருமிக்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

கடையில் வாங்கும்போது பெட்டியின் முன்னால் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். இரண்டு மருந்து கலந்த குப்பிகளில்தான் தடை செய்தது ஒளிந்திருக்கும்.

2006-லேயே தடை வந்துவிட்டதே, பிறகும் ஏன் பாறுகள் பெருகவில்லை? (கோவை வாசகர்)

தடை கால்நடை மருந்துக்கு மட்டும்தான் வந்தது. மனிதருக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பியில் தாராளமாகக் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி குப்பி யாருக்காக விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் நான்கைந்து சின்னக் குப்பிகளை உடைத்து மாட்டுக்கு ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று பறவையின் இயல்பு. ஐந்து வயது வாக்கில்தான் முட்டையிடத் தொடங்கும். வருடத்துக்கு ஒரே முட்டை. அடைகாக்க ஐம்பது நாள் அளவில், குஞ்சு பறக்க மேலும் மூன்று மாதத்துக்கு மேல். இந்த வேகத்தில் பெருகும் இனத்தில் வருடத்துக்கு நான்கைந்து பெரிய பறவைகள் கூடுதலாகச் செத்தாலும் ஒரு சிறு கூட்டம் தேயத் தொடங்கிவிடும்.

நாயும் காகமும் தின்றுவிட்டுப் போகட்டுமே, பாறு இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? (திருச்சி வாசகர்)

பாறுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். நாய்கள் நாள்கணக்கில் இழுக்கும், அந்தத் தீனியில் குட்டி போட்டுப் பெருகும். 1992-லிருந்து 2003-க்குள் இந்தியாவில் நாய்கள் 55 லட்சம் கூடியதாகவும், 2006 வரை வெறிநோயால் சுமார் 48,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நஷ்டம் நமக்குத்தான்.

மாடு செத்தால் புதைப்பதா, காட்டோரம் போடுவதா? (மசினகுடி வாசகர்)

மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவே கூடாது, தொடவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கிணறு, ஓடை பக்கத்தில் வேண்டாம்.

கடைசி ஒரு வாரத்துக்குள் வலி ஊசி போட்டு, அது மெலாக்சிகாமோ டால்ஃபெனமிக் அமிலமோதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். என்ன ஊசி, எந்தத் தேதி என்று தொழுவச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தால் அப்போது குழப்பம் வராது.

மருந்தில்லாமல் மூப்பிலோ விபத்திலோ செத்தது பாறுகளுக்கு நல்ல உணவு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் போடுங்கள். சாலைக்கும் மின்கம்பிக்கும் அருகே வேண்டாம். வயிறு நிறைந்த பாறு சட்டென்று எழும்ப முடியாமல் அடிபடும். பாறுகளே இல்லாத மாவட்டமென்றால் புதைப்பதுதான் சரி.

புலி அடித்த மாட்டின் மேல் குருணைப் பூச்சிமருந்து தூவாதீர்கள். புலியும் சாகும், இறங்கும் பாறுகள் அத்தனையும் சாகும். சடலத்தைப் படம் எடுத்து, மருத்துவர் சான்றோடு வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு எழுதுங்கள்.

பறக்க முடியாத பாறு தோட்டத்தில் விழுந்தால்? (கூடலூர் வாசகர்)

இறக்கையை விரித்தபடி வெயிலில் நிற்பது நோயல்ல, ஈரம் காயவைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புதிதாகப் பறக்கும் குஞ்சு களைத்து விழுவதும் உண்டு. தலை தொங்கி, கிட்டே போனாலும் அசையாமல் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கோழிக்கறியும் வேண்டாம். செத்துப்போனால் புதைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் அழுகுவதற்குள், முடிந்தால் அன்றைக்கே, ஆய்வுக்குப் போனால்தான் எந்த மருந்து கொன்றது என்று தெரியும். வனத்துறையினர் வரும்வரை நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.