செந்தோசாவா, ஃபேரர் பார்க்கா: ஐந்து பேருக்கு எங்கே அறை எடுப்பது?

கேள்வி: மே மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம், நான்கு இரவு. நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், 68 வயது மாமியார். ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க், மற்ற நாட்கள் ஊர் சுற்றல். அது இருக்கும் செந்தோசா தீவிலேயே தங்கினால் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம் என்கிறார் கணவர். வாடகையைப் பார்த்தால் லிட்டில் இந்தியா பக்கம்தான் தோதாகத் தெரிகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். எங்கே அறை எடுப்பது?

பதில்: லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் பக்கம் எடுங்கள். ஐந்து பேரையும் ஒரே அறையில் அடைக்கப் பார்க்காமல் இரண்டு அறையாக எடுங்கள். உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு பகலில் பார்க்குக்கு ஒரு பகல். அந்த ஒரு காலையில் அரை மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, மற்ற மூன்று நாளும் தீவிலிருந்து ஊருக்குள் வந்து வந்து போவது கட்டுப்படியாகாது. பணத்தை மட்டும் சொல்லவில்லை. செந்தோசாவில் ஒவ்வொரு வேளையும் "அம்மாவுக்கு என்ன வாங்குவது" என்று ஒரு கமிட்டி கூடும். லிட்டில் இந்தியாவின் செராங்கூன் சாலையில் அந்தப் பேச்சே எழாது. கோமள விலாஸ் 1947 முதல் அங்கே இருக்கிறது, அதைத் தவிரவும் சைவக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வீரமாகாளியம்மன் கோயில் அதே சாலையில். சீனிவாசப் பெருமாள் கோயில் ஃபேரர் பார்க் ஸ்டேஷனை ஒட்டி. பார்க்குக்கு வரவில்லை என்று மாமியார் சொல்லிவிட்டாலும், அறையிலிருந்து இறங்கினால் தமிழில் பேசி ஒரு காபி வாங்கிக்கொள்ள முடியும். ஐந்து நட்சத்திர ஹோட்டலிலும் இது கிடைக்காது.

பார்க்குக்குப் போகும் வழியைப் பாருங்கள். ஃபேரர் பார்க்கும் லிட்டில் இந்தியாவும் ஊதா நிற ரயில் பாதையில் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். அதே பாதையின் கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரன்ட். நடுவில் எங்கும் மாற வேண்டாம். லிட்டில் இந்தியாவிலிருந்து ஐந்தாவது நிறுத்தம், ஃபேரர் பார்க்கிலிருந்து ஆறாவது. ஹார்பர்ஃபிரன்டுக்கு மேலேயே விவோசிட்டி மால். அதன் லெவல் 3-இல், தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற வேண்டும் (அவர்கள் கணக்கில் தரைத்தளமே லெவல் 1, ஆகவே நமக்கு அது இரண்டாவது மாடி). அடுத்த நிறுத்தம், பார்க் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் வளாகம்; இறங்கி நடந்தால் பூமி உருண்டை சுழலும் பார்க் வாசல். தலைக்கு 4 சிங்கப்பூர் டாலர், திரும்பி வரக் கட்டணம் இல்லை. விவோசிட்டியிலிருந்து கடல்மேல் நடைபாதையும் உண்டு, அது இலவசம், பாதித் தூரம் தானே நகரும் பட்டை. ஆனால் காலையிலேயே மாமியாரின் முழங்காலைச் செலவழிக்காதீர்கள், 20 டாலரைக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகளோடு ஹோட்டல் கதவிலிருந்து பார்க் வாசல்வரை முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில், ரயில் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஐந்து பேர். சிங்கப்பூர் டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மடியில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்ற நம்மூர்ச் சமாதானம் அங்கே செல்லாது. கிராப் மாதிரி ஆப்பில் வரும் தனியார் கார் என்றால் 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு அதற்குரிய சீட் வேண்டும், டாக்சிக்கு மட்டும்தான் அதில் விலக்கு. ஆக, ஒவ்வொரு முறையும் இரண்டு டாக்சி, இல்லாவிட்டால் பெரிய மேக்ஸி கேப். ஏர்போர்ட்டிலிருந்து பெட்டிகளோடு வரும்போது மேக்ஸி கேப் சரி. தினப்படி அலைச்சலுக்கு அது ஆகாது. அதனால் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இல்லாத ஹோட்டலை, எவ்வளவு மலிவானாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி ஹோட்டல் வாசல். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு என் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தப் பகுதியில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பழைய கடைவீட்டை இடித்துக் கட்டாமல் அப்படியே மாற்றியமைத்த கட்டடம், பார்க்க அழகு. லிஃப்ட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன், உண்டு என்றார்கள். பொய் சொல்லவில்லை. லிஃப்ட் முதல் மாடியிலிருந்து தொடங்குகிறது, அதுவரை பன்னிரண்டு மரப்படி, செங்குத்தாக. நான்கு நாளும் அம்மா படியில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறங்கினார். மூன்றாம் நாள் மாலை "நீங்க போய்ட்டு வாங்க" என்று அறையிலேயே இருந்துவிட்டார். அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. புக் செய்யும் பக்கத்தில் அதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை.

ஆகவே "லிஃப்ட் உண்டா" என்று கேட்காதீர்கள். "தெருவிலிருந்து அறைக் கதவுவரை எத்தனை படி" என்று கேளுங்கள். ஜன்னல் உள்ள அறை என்று எழுத்தில் வாங்குங்கள். குளியலறையில் தொட்டி வேண்டாம், தரையோடு தரையாக ஷவர் இருக்கட்டும். ஈரக்காலோடு தொட்டியின் விளிம்பைத் தாண்டுவதுதான் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆபத்து. கழிப்பறையில் ஹெல்த் ஃபாசட் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் காகிதம் மட்டும்தான்.

அறையின் அளவு அடுத்த சங்கதி. அங்கே 12 சதுர மீட்டர் அறை சர்வ சாதாரணம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 130 சதுர அடி: கட்டில் போட்ட பிறகு இரண்டு பெட்டியைத் திறந்து வைக்கத் தரை இருக்காது. படத்தை நம்பாமல் சதுர மீட்டரைப் பாருங்கள். பெரியவர் மூவர், குழந்தை இருவர் என்று உள்ளபடியே போட்டுத் தேடுங்கள். குழந்தைகளை மறைத்து "இரண்டு பேர்" என்று புக் செய்து கவுன்டரில் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பை அங்கே தளர்த்த மாட்டார்கள், கடைசி நிமிடத்தில் இரண்டாவது அறையை அன்றைய விலைக்கு எடுக்க நேரும். நான்கு பேர் தங்கும் ஃபேமிலி ரூம் கிடைக்கும். ஐந்து பேருக்கு ஓர் அறை அபூர்வம், கிடைத்தாலும் விலை இரண்டு அறையைத் தொடும்.

இரண்டு அறை என்று நான் சொல்வது கனெக்டிங் ரூம், அதாவது நடுவில் உள்கதவு உள்ளது. "அட்ஜாயினிங்" என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவே. உள்கதவு இருந்தால் மகள் பாட்டியோடு படுத்துக்கொள்வாள், மகன் உங்களிடம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க விரும்புகிறவர் ஓர் அறையிலும் டிவி பார்க்க விரும்புகிறவர் மற்றதிலும் இருக்கலாம். எந்தக் குடும்பத்திலும் இதுதான் பயணத்தைக் காப்பாற்றுவது. ஆனால் இணையத்தில் டிக் செய்தால் அது கோரிக்கை மட்டுமே. ஹோட்டலுக்கு நேரடியாக மெயில் போட்டு உறுதி வாங்குங்கள்.

விலை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். 10% சர்வீஸ் சார்ஜும் 9% ஜிஎஸ்டியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஜிஎஸ்டி சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைமேல் விழும். 200 டாலர் அறை 220 ஆகி, அதற்கு வரி சேர்ந்து 239 டாலர் 80 சென்டில் நிற்கும். ஒரு தளத்தில் 200, இன்னொன்றில் 235 என்று பார்த்து முதலாவதை எடுக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். காலை உணவு சேர்த்த விலையும் உங்களுக்கு வேண்டாம். இட்லி கீழேயே இருக்கும்போது, மாமியார் ரொட்டியையும் தர்பூசணியையும் பார்த்துக்கொண்டிருக்கப் பணம் கட்டுவானேன்? செக்-இன்னில் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ பிடித்தால், திரும்பி வரும்வரை அந்தப் பணம் செலவுக்கு உதவாது.

இப்போது உங்கள் கணவரின் கட்சி. தீம் பார்க் நாளில் நடுப்பகல் ஒரு மணிக்கு வெயில் உச்சந்தலையில் இறங்கும்போது, நான்கு வயதுப் பையனைக் குளிப்பாட்டித் தூங்க வைத்து நான்கு மணிக்குத் திரும்பக் கூட்டி வர முடியும் என்பது பெரிய வரம். அதற்குப் பக்கத்து ஹோட்டல்தான் வேண்டும். ஆனால் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஹோட்டல் எல்லாமே பார்க் வாசலில் இல்லை. ஹோட்டல் மைக்கேல் அருகில் இருக்கிறது. ஈக்வேரியஸ் தீவின் மேற்குப் பக்கம், அங்கிருந்து நல்ல நடை. 2019-இல் திறந்த வில்லேஜ் ஹோட்டல் இம்பியா ஸ்டேஷன் பக்கம். குழந்தைகளுக்கான நீச்சல் குளங்கள் அங்கே அருமை, பார்க்குக்கு மட்டும் ஒரு ஸ்டேஷன் ரயிலேற வேண்டும். உங்கள் குழந்தைகள் இருவருமே ஐந்துக்குக் கீழ் இருந்து, மாமியாரும் வராமல், பார்க்குக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தால் செந்தோசா என்றே எழுதியிருப்பேன். இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று பிரிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், பெட்டி கட்டுவதிலேயே அரை நாள் போகும்.

அதற்குப் பதிலாக பார்க் நாளை இப்படி வகுத்துப் பாருங்கள். கிளம்புமுன் வீட்டுச் சுவரில் குழந்தைகளின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியில் ஏற 102 செ.மீ. வேண்டும், ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மி சவாரிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. நான்கு வயதில் பலர் 101-லும் 102-லும் ஊசலாடுவார்கள், அங்கே அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள், அழுதாலும் விட மாட்டார்கள். ஆக, அக்கா போகும் பல சவாரிகளுக்குத் தம்பி வெளியே நிற்பான். பெற்றோரில் ஒருவர் அவனோடு இருந்து, பிறகு இடம் மாற்றிக்கொண்டு ஏறலாம், மறுபடி முழு வரிசை நிற்க வேண்டியதில்லை. ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமியார் வருவதானால் உள்ளே சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும், பையனுக்குத் தள்ளுவண்டியும். மாலையில் அவர்கள் இருவரும் களைத்தால் கணவர் அவர்களை ரயிலில் அழைத்துப் போகட்டும், நீங்களும் மகளும் மூடும்வரை இருங்கள். ஹார்பர்ஃபிரன்ட் வந்துவிட்டால் பிறகு வண்டி மாறாத ஒரே பாதை என்பதால் இது நடக்கும்.

இரவு விமானத்தில் வந்தால் அதிகாலையில் இறங்குவீர்கள், நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே. அறை கிடைப்பது பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு. முதல் நாளைப் பார்க்குக்கு வைக்காதீர்கள். பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டுக் கோயில், சாப்பாடு, முஸ்தபா சென்டர் என்று மெதுவாக ஓட்டுங்கள். ரயிலில் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம், சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 டாலர்வரை அபராதம். புளிசாதம் அறையில் திறந்தால் போதும்.

ஃபிளாட் மலிவாகக் கிடைக்கிறதே, சமைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே சட்டப்படி கூடாது, அரசு அடுக்குமாடி வீடு என்றால் ஆறு மாதம். கடைசி நேரத்தில் கைவிரித்தால் போய் முறையிட இடமில்லை. விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகவே போடுங்கள். தேதி இன்னும் கையில் இருந்தால் மே மூன்றாம் வாரத்துக்குள், வாரநாளில் பார்க்கை முடித்துவிடுங்கள். ஜூனில் அவர்களுடைய பள்ளி விடுமுறை, வரிசையும் வாடகையும் சேர்ந்து ஏறும். மேயில் விசாகம் (புத்த பூர்ணிமா) விடுமுறை வரும் நாளையும் பார்த்து ஒதுக்குங்கள்.

ஹோட்டலுக்கு அனுப்பும் மெயிலில் ஐந்தே வரி போதும்: தெருவிலிருந்து அறைவரை எத்தனை படி, உள்கதவுள்ள இரண்டு அறை உறுதியா, ஜன்னல் உண்டா, தொட்டியில்லாத குளியலறையா, காலை ஏழு மணிக்கு வந்தால் பெட்டியை வாங்கி வைப்பீர்களா. கூடவே வாசலின் படம் ஒன்றையும் கேளுங்கள். மூன்று நாளில் பதில் போடாத ஹோட்டலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.