கணினி கேள்வி-பதில்: கெர்னல் மெமரிக்குக் குறிப்பு எழுதும்போது

கேள்வி: எங்கள் குழு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனிலும் மெமரி எப்படி ஒதுக்கப்படுகிறது என்று குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். ‘கேமல்லாக், ஜிஎஃப்பி_கெர்னல்’ என்று ஒரு வரி போட்டால் போதாதா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: போதாது. கேமல்லாக் என்பது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரி வாங்கும் ஃபங்ஷன், ஜிஎஃப்பி_கெர்னல் என்பது தேவைப்பட்டால் காத்திருக்கலாம் என்று அதற்குச் சொல்லும் ஃபிளாக். புரோகிராம் கோடைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். ஃபங்ஷனை அழைக்கிறவர் தேடுவது வேறு: அது தூங்குமா (மெமரி கிடைக்கும்வரை காத்து நிற்குமா), மெமரி கிடைக்காவிட்டால் என்ன திரும்பி வரும், வாங்கியதை யார், எதை வைத்து விடுவிப்பது.

கெர்னல்-டாக் என்ற கமென்ட் எழுதும் முறையில் இவற்றுக்கு இடம் உண்டு. சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்டு கமென்டைத் தொடங்குங்கள். முதல் வரியில் ஃபங்ஷன் பெயரும் ஒரு வரி விளக்கமும். அடுத்து, பாராமீட்டர் ஒவ்வொன்றுக்கும் ‘அட்’ குறியோடு ஒரு வரி. அதன் பிறகு ‘கான்டெக்ஸ்ட்’ (எந்தச் சூழலில் அழைக்கலாம்), ‘ரிட்டர்ன்’ (என்ன திரும்பி வரும்) பகுதிகள். கான்டெக்ஸ்டில், “தூங்கக்கூடும், ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதோ இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்தோ அழைக்கக் கூடாது” என்று பச்சையாகவே எழுதிவிடுங்கள். ஸ்பின்லாக் என்பது பிடித்தவர் தூங்கவே கூடாத பூட்டு, இன்டரப்ட் ஹேண்ட்லர் என்பது வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் ஃபங்ஷன். பாராமீட்டர் விட்டுப்போனால் கெர்னல்-டாக் கருவி எச்சரிக்கும். கான்டெக்ஸ்ட் விட்டுப்போனால் வாயே திறக்காது. அதனால்தான் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்த வரி இல்லாவிட்டால் யாரோ ஒருவர் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே உங்கள் ஃபங்ஷனை அழைப்பார். மெமரி தாராளமாக இருக்கும்வரை தூங்க வேண்டிய அவசியமே வராது, சோதனையில் எல்லாம் சரியாக ஓடும். மெமரி இறுகும் நாளில் இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் என்ற கெர்னல் தேர்வை இயக்கிச் சோதித்தால் மெமரி நிறைய இருந்தாலும் முதல் அழைப்பிலேயே காட்டிக்கொடுக்கும்.

தூங்க முடியாத இடத்துக்கான ஜிஎஃப்பி_அட்டாமிக் ஃபிளாக்கை ‘வேகமானது’ என்று எழுதிவைப்பது இன்னொரு வழக்கமான பிழை. அது தூங்காது, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் இருப்பிலும் கை வைக்கும், அப்படியும் தோற்கும். ஆகவே ‘ரிட்டர்ன்’ பகுதியில் ‘நல்’ (வெற்று முகவரி) வரலாம் என்பதைத் தவறாமல் சேருங்கள்.

விடுவிக்கும் ஃபங்ஷனையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். கேவீமல்லாக் முதலில் கேமல்லாக் வழியாகத் தொடர்ச்சியான பக்கங்களைக் கேட்கும், கிடைக்காவிட்டால், சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் வீமல்லாக்குக்குப் போகும். அப்படி வாங்கியதை ஒருவர் கேமல்லாக்குக்கான கேஃப்ரீ போட்டு விடுவித்தால், கேமல்லாக் கொடுத்த நாளெல்லாம் ஒன்றும் ஆகாது. மெமரி சிதறிப்போய் வீமல்லாக் கொடுத்த அன்றைக்குக் கெர்னல் கவிழும். “கேவீஃப்ரீயால் விடுவிக்கவும்” என்ற ஒரு வரி இருந்தால் இந்தத் தலைவலியே வராது.

கேள்வி: 1,100 பைட் பஃபர் 2,000 எடுக்கிறோம். கணக்குப்படி 2.2 எம்பி வர வேண்டும். கெர்னல் மெமரிப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்லாப்டாப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு காட்டுகிறது. லீக்கா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரி) இல்லை. கேமல்லாக் கேட்ட அளவை அப்படியே தருவதில்லை. 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகும் பெட்டிகள்தான் அதனிடம் இருக்கின்றன. இடையில் 96, 192 மட்டும் விதிவிலக்கு. 1,024-ஐத் தாண்டினால் அடுத்தது 2,048. பஃபருக்கு 948 பைட் வீண், 2,000 பஃபருக்கு ஏறத்தாழ 1.9 எம்பி.

கேமெம்_கேஷ்_கிரியேட் போட்டுத் தனி கேஷ் (ஒரே அளவுள்ளவற்றுக்கான தனி இருப்பு) அமையுங்கள். 32 கேபி ஸ்லாபில் (கேஷ் பிரித்துக் கொடுக்கும் மெமரித் துண்டு) 16 பஃபர் இருந்த இடத்தில் 29 அடங்கும். சிபியு கேஷ் வரிக்கு ஒத்து வைக்கும் ஹெச்டபிள்யூகேஷ்_அலைன் ஃபிளாக் சேர்த்தால் ஒவ்வொன்றும் 1,152 பைட்டாகி 28 ஆகும். அதே அளவுள்ள வேறு கேஷோடு கெர்னல் இதைச் சேர்த்துவிடுவதும் உண்டு. ஸ்லாப்டாப்பில் உங்கள் கேஷின் பெயர் காணோம் என்றால் பயப்படாமல், சோதனைக்கு மட்டும் ஸ்லாப்_நோமெர்ஜ் என்று பூட் வரியில் கொடுத்துப் பாருங்கள். குறிப்பில், கேட்கும் அளவோடு உண்மையில் பிடிக்கும் அளவையும் எழுதுவது நல்லது. பஃபரை 1,024-க்குள் அடக்க முடியுமா என்று அடுத்து வருகிறவர் யோசிக்க அதுதான் வழி.

கேள்வி: எங்கள் பழைய கையேட்டில் ‘ஸ்லாப், ஸ்லப், ஸ்லோப் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று இருக்கிறது. புதுக் கெர்னலின் மெனுவில் அந்தத் தேர்வே இல்லையே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எடுத்துவிட்டார்கள். மூன்றும் கெர்னல் தன் மெமரியை ஒதுக்கும் முறைகள். ஸ்லோப் 2023-இல் கெர்னல் 6.4-லும், ஸ்லாப் 2024-இல் 6.8-லும் நீக்கப்பட்டன. எஞ்சியிருப்பது ஸ்லப் மட்டுமே. மெமரி மிகக் குறைந்த போர்டு என்றால் கான்ஃபிக்_ஸ்லப்_டைனி உண்டு, ஆனால் வேகம் குறையும், நிறைய மெமரி உள்ள இயந்திரத்தில் அதைத் தொடாதீர்கள். பிழை தேட உதவும் ஸ்லப்_டீபக் என்ற பூட் வார்த்தையும் புதிய கெர்னல்களில் ஸ்லாப்_டீபக் ஆகிவிட்டது, பழையதைக் கொடுத்தாலும் ஏற்கும். கையேட்டைத் திருத்தும்போது, ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் அது பொருந்தும் கெர்னல் பதிப்பு எண்ணைப் போடுங்கள்.